திருப்பிப் போட்டால் நிற்குமா?

காஞ்சிபுரத்துக்கு அருகே இருக்கும் கூரத்தை வைணவர்கள் கூரத்தாழ்வான் பிறந்த ஊராக அறிவார்கள். சிற்பக் கலையில் நாட்டமுள்ளவர்களுக்கு நினைவுக்கு வருவது, சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் கூரம் நடராசர். காலைக் குறுக்கே வீசாமல் முழங்காலை மடக்கி மேலே தூக்கி ஆடுகிற பழைய செப்புத் திருமேனி. இந்தக் கட்டுரைக்கு வேண்டியது இந்த இரண்டும் இல்லை. அதே ஊரில் உள்ள ஒரு பழைய சிவன் கோயிலின் பின்சுவர். அது வளைந்திருக்கிறது.

7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்ம பல்லவன் காலத்துக் கோயில் அது. கூரம் செப்பேடு என்று வரலாற்றுப் புத்தகங்களில் வருகிற ஆவணம் இந்தக் கோயிலுக்காக எழுந்ததுதான். பாதி வடமொழி, பாதி தமிழ். சாளுக்கியரோடு நடந்த போரை அது பாடுகிறது. கோயிலுக்கு 'வித்யாவிநீத பல்லவ பரமேசுவர கிருகம்' என்று பெயர் சொல்கிறது. பாலாற்றிலிருந்து கால் வெட்டி ஏரிக்கு நீர் கொண்டுவந்ததைப் பேசுகிறது. மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று ஒரு பங்கை ஒதுக்குகிறது. 1890இல் கல்வெட்டறிஞர் ஹுல்ச் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதியில் இதைப் பதிப்பித்தார். தமிழகத்தில் கல்லை அடுக்கிக் கட்டிய கோயில்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று என்பதால் கட்டடக் கலை ஆய்வாளர்கள் கூரத்துக்குத் தனி மதிப்புத் தருகிறார்கள்.

கோயிலின் தரைவடிவம் முன்னால் நேர்ச்சுவர், பின்னால் அரைவட்டம். படுத்திருக்கும் யானையின் முதுகுபோல இருப்பதால் இவ்வகைக்குத் தூங்கானை மாடம் என்று பெயர். சிற்ப நூல்கள் கஜபிருஷ்டம் என்கின்றன. மாமல்லபுரத்தில் சகாதேவ ரதம் என்று நாம் அழைக்கும் ஒற்றைக்கல் கோயிலும் இதே வடிவம்தான். பக்கத்திலேயே ஒரு கல் யானையையும் நிற்கவைத்திருக்கிறார்கள். பெயர்க் காரணம் புரியாதவர்களுக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

அரைவட்டம் போடுவது பெரிய வித்தை இல்லை. ஒரு முளை, ஒரு கயிறு, கயிற்று முனையில் ஒரு குச்சி. ஆனால் போட்டு முடித்த அரைவட்டத்துக்குள் ஒரு விசித்திரம் ஒளிந்திருக்கிறது. வளைவு தொடங்கும் இடத்தில் ஒரு முளை, முடியும் இடத்தில் ஒரு முளை அடியுங்கள். முதலாவது அ, இரண்டாவது ஆ. இனி வளைவின் மேல் எந்த இடத்தில் வேண்டுமானாலும் நின்றுகொண்டு ஒரு கையை அ-வை நோக்கியும் மறு கையை ஆ-வை நோக்கியும் நீட்டுங்கள். இரு கைகளுக்கும் நடுவே இருப்பது செங்கோணம். நடுமுதுகில் நின்றாலும் 90 பாகை. ஓரத்தில், அ-வுக்கு ஒரு முழம் தள்ளி நின்றாலும் அதே 90 பாகை.

காரணம் இரண்டே வரி. நீங்கள் நிற்கும் இடத்தை இ என்போம். அரைவட்டத்தின் மையத்திலிருந்து இ-க்கு ஒரு கோடு போட்டால் அ-ஆ-இ என்ற பெரிய முக்கோணம் இரண்டு சிறிய முக்கோணங்களாக உடையும். மையத்திலிருந்து அ, ஆ, இ மூன்றும் ஒரே தூரம். ஆகவே இரண்டு சிறிய முக்கோணங்களும் இருசமபக்க முக்கோணங்கள். ஒன்றில் அ-வில் உள்ள கோணம் இ-யிலும் அப்படியே வரும். மற்றொன்றில் ஆ-வில் உள்ளது இ-யில் வரும். அதாவது இ-யில் இருக்கும் மொத்தக் கோணம், அ, ஆ இரண்டிலும் இருக்கும் கோணங்களின் கூட்டுத்தொகை. முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180. அதில் இ மட்டுமே பாதி. பாதி 90.

இதைத் தச்சர்கள் வேறு விதமாகப் பயன்படுத்துவார்கள். பலகையில் அரைவட்டக் குழிவு வெட்டினால், அது சரியான அரைவட்டமா என்று பார்க்க மூலைமட்டத்தைக் குழிக்குள் இறக்குவார்கள். மட்டத்தின் இரு கைகளும் குழியின் இரு உதடுகளிலும் பட, மூலை குழியின் அடியைத் தொட வேண்டும். மட்டத்தை இப்படியும் அப்படியும் சாய்த்து நகர்த்தினாலும் மூலை அடியை விட்டு விலகக் கூடாது. அடியில் இடித்துக்கொண்டு கைகள் உதட்டை விட்டு எழும்பவும் கூடாது. இரண்டு ஆணியும் மூலைமட்டமும் இருந்தால் அரைவட்டம் வரையவும் செய்யலாம். ஆணிகளில் கைகள் உரசியபடியே இருக்க, மூலையில் பென்சிலை வைத்து நகர்த்தினால் போதும்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். நாம் நிறுவியது என்ன? 'புள்ளி அரைவட்டத்தின் மேல் இருந்தால் கோணம் 90.' தச்சர் நம்பிச் செய்வது என்ன? 'கோணம் 90 ஆக இருந்தால் புள்ளி அரைவட்டத்தின் மேல் இருக்கும்.' கேட்பதற்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கின்றன. இரண்டும் ஒன்றில்லை. முதலாவதை நிறுவிவிட்டதால் இரண்டாவது தானாக வந்துவிடாது. பள்ளிக் கணிதத்தில் இரண்டாவதற்கு முதலாவதின் 'மறுதலை' என்று பெயர். மறுதலைக்குத் தனியாக நிரூபணம் வேண்டும். தேர்வில் 'மறுதலையை எழுதி நிறுவுக' என்று வரும் கேள்வியை மாணவர்கள் வெறுப்பதன் காரணமே, ஏற்கெனவே சொன்னதை எதற்குத் திரும்பச் சொல்லச் சொல்கிறார்கள் என்ற எரிச்சல்தான்.

'மழை பெய்தால் தெரு நனையும்.' இதன் மறுதலை: 'தெரு நனைந்திருந்தால் மழை பெய்திருக்கும்.' தண்ணீர் லாரி ஒழுகிக்கொண்டே போயிருக்கலாம் என்று சென்னைவாசிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. முதல் கூற்று உண்மை, மறுதலை பொய். முதல் கூற்றை இன்னொரு வகையாகவும் புரட்டலாம்: 'மழை பெய்யாவிட்டால் தெரு நனையாது.' இதுவும் அதே லாரியால் கெட்டுப்போகிறது. ஆனால் இரண்டு பக்கமும் எதிர்மறையாக்கி, வரிசையையும் திருப்பினால் 'தெரு நனையவில்லை என்றால் மழை பெய்யவில்லை' என்று வரும். இதை எந்த லாரியாலும் ஒன்றும் செய்ய முடியாது. முதல் கூற்று நின்றால் இது நிற்கும். அது விழுந்தால் இதுவும் விழும். தர்க்கவியலில் நிபந்தனைக் கூற்று என்று தொடங்கும் பாடத்தின் சாரம் இவ்வளவுதான்: 'இருந்தால்' என்ற ஒரு வாக்கியத்துக்கு நான்கு முகங்கள், அவற்றில் இரண்டு இரண்டு ஜோடி, ஒரு ஜோடி உண்மை என்பதால் மறு ஜோடி உண்மையாகிவிடாது.

கோணங்களைப் பற்றிய பாடங்களைப் புரட்டினால் இரண்டு வகையும் கலந்து கிடக்கும். இரு கோடுகள் வெட்டிக்கொண்டால் வரும் குத்தெதிர்க் கோணங்கள் சமம். மறுதலை பொய்; இந்தப் பக்கத்தின் மூலையும் உங்கள் வீட்டுக் கதவின் மூலையும் சமமான கோணங்கள், ஆனால் குத்தெதிர்க் கோணங்கள் ஆகா. ஒரு நேர்கோட்டின் மேல் அடுத்தடுத்து அமையும் இரு கோணங்கள் சேர்ந்து 180. மறுதலை இங்கும் பொய். நோட்டுப் புத்தகத்தில் 110 பாகையும் கரும்பலகையில் 70 பாகையும் வரைந்தால் கூட்டுத்தொகை 180 வந்துவிடும், அவை அடுத்தடுத்து இருக்க வேண்டியதில்லை. இரண்டு இணைகோடுகளை ஒரு குறுக்குக் கோடு வெட்டினால் ஒத்த கோணங்கள் சமம். இதன் மறுதலை உண்மை. ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் மூலைமட்டத்தை அளவுகோலின் விளிம்பில் நகர்த்தி இணைகோடு வரைகிறோமே, அது இந்த மறுதலையின் மேல் ஏறி நடக்கிற வேலை.

அரைவட்டத்துக்குத் திரும்புவோம். அதன் மறுதலை நிற்குமா? அ, ஆ முளைகள் அப்படியே இருக்கட்டும். இ, அ-ஆ கோட்டுக்கு வளைவு இருக்கும் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் அரைவட்டத்தின் மேல் இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, உள்ளே இருக்க வேண்டும், அல்லது வெளியே. உள்ளே இருந்தால் அ-விலிருந்து இ வழியாகக் கோட்டை நீட்டி வளைவைத் தொடவிடுங்கள். தொட்ட இடத்தில் கோணம் 90, அது முன்பே நிறுவியது. இ-யில் உள்ள கோணமோ அங்கே உருவாகும் சிறு முக்கோணத்தின் வெளிக்கோணம். வெளிக்கோணம் உள்ளெதிர்க் கோணங்கள் இரண்டின் கூட்டுத்தொகை. ஆகவே 90ஐவிடப் பெரிது. வெளியே இருந்தால் கணக்கு தலைகீழாகி 90ஐவிடச் சிறிதாக வரும். உள்ளே போனால் விரிகோணம், வெளியே போனால் குறுங்கோணம். இரண்டிலும் 90 வராது. அப்படியானால் 90 வந்த இடம் வளைவின் மேல்தான். 'வளைவில் இல்லை என்றால் 90 இல்லை' என்று நிறுவி, அதை இரு பக்கமும் எதிர்மறையாக்கித் திருப்பிப் போட்டோம். தெரு நனையவில்லை, மழை பெய்யவில்லை, அதே வழி. தச்சரின் கை சரி.

வீடு கட்டுகிறவர்கள் நாள் தவறாமல் நம்புவதும் ஒரு மறுதலையைத்தான். கடைக்கால் வெட்டுவதற்கு முன் கொத்தனார் நூல் பிடிப்பார். ஒரு சுவரின் நூலில் 3 அடி அளந்து ஒரு புள்ளி, மறு சுவரின் நூலில் 4 அடி அளந்து ஒரு புள்ளி, குறுக்கே டேப்பைப் பிடித்தால் 5 அடி இருக்க வேண்டும். இருந்தால் மூலை மட்டம். பள்ளியில் படிக்கும் பிதாகரஸ் தேற்றம் சொல்வது 'செங்கோணமாக இருந்தால் 9-உம் 16-உம் சேர்ந்து 25' என்று. கொத்தனாருக்கு அது பயன்படாது. அவரிடம் செங்கோணம் இல்லை, அதைத்தான் தேடுகிறார். அவருக்கு வேண்டியது '9-உம் 16-உம் 25 ஆனால் செங்கோணம்' என்ற மறுதலை. யூக்ளிட் தம் முதல் நூலில் 47ஆம் கூற்றாகத் தேற்றத்தையும் 48ஆம் கூற்றாக மறுதலையையும் தனித்தனியாக நிறுவுகிறார். முதல் நூல் அதோடு முடிகிறது. வேள்விக் களம் அமைப்பதற்கான ஆபஸ்தம்பரின் சுல்ப சூத்திரம் 3-4-5 மட்டுமின்றி 5-12-13, 8-15-17, 12-35-37 என்று கயிற்றளவுகளைத் தருகிறது. கயிற்றை இழுத்துக் கட்டிச் செங்கோணம் பெறுவதும் மறுதலைதான்.

இந்த மறுதலை எவ்வளவு நுட்பமானது என்று ஒரு கணக்குப் போட்டால் தெரியும். குறுக்களவு 5 அடிக்குப் பதில் 5 அடி 1 அங்குலம் வந்தால் மூலை 92 பாகை. 2 பாகைதானே என்று விட்டால் 30 அடி நீளச் சுவரின் கடைசியில் ஏறத்தாழ 1 அடி விலகிப் போகும். அனுபவமுள்ள மேஸ்திரி 3-4-5ஐ விட்டு 6-8-10 பிடிப்பது இதனால்தான். அதே 1 அங்குலப் பிழை அங்கே 1 பாகையாகக் குறைந்துவிடும்.

இதோடு சேர்த்துச் செய்யும் இன்னொரு சோதனை மூலைக்கு மூலை குறுக்களவு பார்ப்பது. நாற்புறமும் முளை அடித்த பிறகு இரண்டு குறுக்களவும் சமமா என்று டேப் பிடிப்பார்கள். சமமானால் மனை செவ்வகம் என்று முடிவு கட்டுவார்கள். இந்த மறுதலை அப்படியே நிற்காது. முன்பக்கம் 20 அடி, பின்பக்கம் 18 அடி, இரு பக்கச் சுவர்களும் ஒரே அளவில் உள்நோக்கிச் சாய்ந்த ஒரு மனையிலும் குறுக்களவுகள் சமமாகத்தான் வரும். எதிரெதிர்ப் பக்கங்கள் சமம் என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகு குறுக்களவு பார்த்தால் மட்டுமே செவ்வகம் உறுதி. நல்ல கொத்தனார் முதலில் நான்கு பக்கத்தையும் அளந்த பிறகே குறுக்கே போவார். அவசரத்தில் குறுக்களவை மட்டும் பார்த்த இடங்களில் கோணல் அறை வந்து உட்கார்ந்துகொள்ளும். சதுர டைல்ஸ் ஒட்ட வருகிறவர் கடைசி வரிசையில் அதைக் கண்டுபிடித்து, வீட்டுக்காரர் காதில் விழும்படி அலுத்துக்கொள்வார்.

இரண்டு திசையும் உண்மையாக இருந்தாலும் இரண்டுக்கும் ஒரே விலை என்று நினைக்கக் கூடாது. இணைகோடுகளைப் பற்றி மேலே சொன்னோமே, அதில் ஒரு வியப்பு இருக்கிறது. 'ஒன்றுவிட்ட கோணங்கள் சமமானால் கோடுகள் இணை' என்பதை யூக்ளிட் 27ஆம் கூற்றில் எளிதாக நிறுவிவிடுகிறார். 'கோடுகள் இணையானால் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம்' என்ற மறு திசைக்கு வரும்போது, 29ஆம் கூற்றில், அதுவரை தொடாமல் பத்திரமாக வைத்திருந்த, இணைகோடுகளைப் பற்றிய ஐந்தாம் எடுகோளை எடுத்தாக வேண்டியிருக்கிறது. வேறு வழியே இல்லையா என்று இரண்டாயிரம் ஆண்டுகள் பலரும் முட்டி மோதினார்கள். 1829இல் ரஷ்யாவின் லோபசெவ்ஸ்கியும் 1832இல் ஹங்கேரியின் போல்யாயும் அந்த எடுகோள் இல்லாத வடிவியலைக் கட்டினார்கள். அங்கே முக்கோணத்தின் கோணங்கள் சேர்ந்து 180க்குக் குறைவு. அங்கே கூரத்து அரைவட்டத்தைப் போட்டால் வளைவில் நிற்பவருக்குச் செங்கோணம் கிடைக்காது, குறுங்கோணமே கிடைக்கும். பூமிக்கோளம் போன்ற உருண்டைப் பரப்பில் போட்டால் விரிகோணம் வரும். 'அரைவட்டமானால் 90' என்ற வாக்கியத்துக்கு முன்னால் 'பரப்பு தட்டையானால்' என்ற இன்னொரு 'ஆனால்' வாய் திறக்காமல் நின்றுகொண்டிருக்கிறது.

கிரேக்கத்திலும் ரஷ்யாவிலும் சுற்றிவிட்டோம். இந்த 'திருப்பிப் போடும் பிழை'க்குத் தமிழிலேயே பெயர் வைத்துப் பாடம் நடத்திய இடம் கூரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மணிமேகலைக் காப்பியத்தின் கடைசிப் பகுதி காஞ்சியில் நடக்கிறது. பசியால் வாடிய நகரத்துக்கு அமுதசுரபியோடு வந்த மணிமேகலைக்குப் பௌத்தத் துறவி அறவண அடிகள் அறம் சொல்வதற்கு முன்னால் அளவை சொல்கிறார். 'தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதை' என்ற அந்த 29ஆம் காதையைப் பெரும்பாலான வாசகர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். கதை இல்லை, வர்ணனை இல்லை, முழுக்கத் தர்க்கம். 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பௌத்தச் செய்திகளுக்கு மளூர் ரங்காசாரியாரின் உதவியை நாட வேண்டியிருந்தது. என் கணக்கில் தமிழ்க் காப்பியங்களிலேயே மிகத் துணிச்சலான காதை இதுதான். ஒரு பெண்ணுக்கு, கதையின் உச்சத்தில், பிழையாக வாதாடுவது எத்தனை வகை என்று ஒரு முழுப் பாடம்!

அதில் மலை, புகை, நெருப்பு உதாரணம் வருகிறது. இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, புகை இருப்பதால், அடுக்களை போல. உடனே எதிர்ப்பக்கமும் வருகிறது: நெருப்பில்லாத இடத்தில் புகையும் இல்லை, நீர் போல. 'புகை இருந்தால் நெருப்பு' என்பதற்குப் பக்கத்திலேயே 'நெருப்பு இல்லை என்றால் புகை இல்லை' என்று, சரியான ஜோடியைச் சரியான வரிசையில் வைத்திருக்கிறார்கள். இதில் நெருப்பு வியாபகம், புகை வியாப்பியம். அதாவது ஒன்று பெரிய வளையம், மற்றொன்று அதற்குள் அடங்கிய சிறிய வளையம். சிறியதில் இருப்பது பெரியதில் இருக்கும். பெரியதில் இருப்பதெல்லாம் சிறியதில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்பு உண்டு, புகை இல்லை என்று நியாய நூலார் காட்டும் எடுத்துக்காட்டு இதற்குத்தான்.

இரண்டு பொருள்களை ஒரு முறை சேர்ந்து பார்த்துவிட்டு நிபந்தனைக் கூற்று கட்டிவிடுகிறவர்களைக் காப்பியம் கேலி செய்கிறது. ஓரிடத்தில் கழுதையையும் கணிகையையும் சேர்ந்து கண்ட ஒருவன், பிறகு கழுதையைக் கண்ட இடத்தில் எல்லாம் கணிகையும் இருக்கிறாள் என்று முடிவு கட்டினால் என்ன ஆகும்? இல்லாமையை வைத்துக் கட்டுகிறவனுக்கும் ஒரு அடி உண்டு: கழுதைப் பிடரியில் நாய்வாலும் இல்லை, நரிவாலும் இல்லை என்று கண்டவன், நரிவால் கண்ட இடத்தில் நாய்வாலும் இருக்கும் என்று சொல்லக் கிளம்பினால்? இரண்டும் சேர்ந்து இல்லாத ஓர் இடத்தைக் காட்டுவதால் மட்டும் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்துவிடாது. புள்ளிவிவரக் கட்டுரைகளில் இன்றும் நாய்வாலும் நரிவாலும் தாராளமாகத் திரிகின்றன.

பிறகு எடுத்துக்காட்டுப் பிழைகளின் பட்டியல். அதில் ஒன்று விபரீதான்னுவயம். உண்டாக்கப்பட்டது எல்லாம் அழியும் என்று சொல்ல வேண்டிய இடத்தில், அழிவது எல்லாம் உண்டாக்கப்பட்டது என்று சொல்லிவிடுவது. வியாப்பியத்தைக் கொண்டு வியாபகத்தைக் காட்டாமல், வியாபகத்தைக் கொண்டு வியாப்பியத்தைக் காட்டுவது. இது நம் பள்ளிப் புத்தகத்தின் மறுதலை, அப்படியே. இதற்கு ஜோடியாக எதிர்மறை உதாரணங்களில் விபரீத வெதிரேகம் என்று இன்னொரு பிழை. எதிர்மறையை வரிசை மாற்றிச் சொல்வது. நான்கு முகங்களில் ஏமாற்றுகிற இரண்டுக்கும் தனித்தனிப் பெயர்.

இந்தப் பகுதி சங்கரசுவாமியின் நியாயப் பிரவேசம் என்ற வடமொழி நூலோடு நெருங்கி ஒத்துப்போவதை ஆய்வாளர்கள் நெடுநாளாகப் பேசிவருகிறார்கள். அந்த நூலை 647இல் சீன மொழிக்குக் கொண்டுபோனவர் சீனத் துறவி யுவான் சுவாங். 640ஐ ஒட்டிக் காஞ்சிக்கு வந்தவரும் அவர்தான். நூறுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களும் பத்தாயிரம் துறவிகளும் இங்கே இருந்ததாகவும், நாலந்தாவின் பேராசான் தருமபாலர் பிறந்த ஊர் இது என்றும் எழுதிவைத்திருக்கிறார். கூரத்தில் அரைவட்டத்துக்கு முளை அடிக்கப்பட்டது அவர் வந்துபோன பிறகு, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குள்.

இன்றைய காஞ்சிபுரத்தில் மறுதலைப் பிழை அதிகம் நடமாடும் இடம் பட்டுக் கடை. அசல் பட்டா என்று பார்க்க முந்தானை ஓரத்தில் இரண்டு நூலை உருவி நெருப்பில் காட்டுவது பழைய வழக்கம். பட்டு புரதம்; எரிந்தால் மயிர் கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடிந்துபோகும். பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகத் திரளும். ரேயான் என்பது மரக்கூழ். காகிதம் எரிகிற வாடை. 'பட்டானால் மயிர் வாடை' என்பது உண்மை. ஆகவே மயிர் வாடை வரவில்லை என்றால் அது பட்டில்லை. சந்தேகமே வேண்டாம், கடையை விட்டு இறங்கிவிடலாம். ஆனால் மயிர் வாடை வந்தால் பட்டு என்று சொல்ல முடியாது. கம்பளி நூலும் புரதம்தான், அதே வாடைதான் வரும். பட்டும் வேறு நூலும் கலந்து நெய்த துணியில் நீங்கள் உருவிய இரண்டு இழை மட்டும் பட்டாக இருக்கலாம். பாவு ஒன்றாகவும் ஊடை வேறொன்றாகவும் இருக்கலாம். நெருப்புச் சோதனை போலியைக் கழிக்கும். அசலுக்குச் சான்று தராது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பாவில் ஓர் இழை, ஊடையில் ஓர் இழை என்று தனித்தனியே உருவுவார்கள்.

சில்க் மார்க் சீட்டிலும் இதே கதை. மத்திய பட்டு வாரியம் 2004இல் தொடங்கிய திட்டம். 'சில்க் மார்க் இருந்தால் தூய பட்டு' என்பது அதன் வாக்குறுதி. 'சில்க் மார்க் இல்லை, ஆகவே பட்டு இல்லை' என்று நெசவாளர் வீட்டுத் திண்ணையில் பேரம் பேசுகிறவர் விபரீத வெதிரேகத்தில் விழுந்துவிட்டார். சீட்டு வாங்காத தறியிலும் தூய பட்டு நெய்யலாம்.

இந்தத் தடுமாற்றத்தை 1966இல் இங்கிலாந்து உளவியலாளர் பீட்டர் வேசன் சோதனையாகவே வைத்தார். நான்கு அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒருபுறம் எழுத்து, மறுபுறம் எண். ஒருபுறம் உயிரெழுத்து இருந்தால் மறுபுறம் இரட்டைப்படை எண் இருக்கும் என்பது விதி. மேசையில் ஓர் உயிரெழுத்து, ஒரு மெய்யெழுத்து, ஓர் இரட்டைப்படை, ஓர் ஒற்றைப்படை தெரிகின்றன. விதி மீறப்பட்டிருக்கிறதா என்று அறிய எந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்? படித்தவர்களிலேயே பெரும்பாலோர் உயிரெழுத்தையும் இரட்டைப்படையையும் சொன்னார்கள். இரட்டைப்படையைத் திருப்புவது மறுதலையைச் சோதிப்பது; அதன் பின்னால் எது இருந்தாலும் விதிக்குக் கேடில்லை. திருப்ப வேண்டியது உயிரெழுத்தையும் ஒற்றைப்படையையும். 1982இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் கிரிக்ஸும் காக்ஸும் இதே புதிரை மாற்றிக் கொடுத்தார்கள்: பீர் குடிக்கிறவர் 19 வயதைத் தாண்டியிருக்க வேண்டும், யார் யாரைச் சோதிப்பீர்கள்? இப்போது ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் சரியாகச் சொன்னார்கள். பீர் குடிக்கிறவரையும் வயது குறைந்தவரையும் பார்த்தால் போதும் என்று யாரும் சொல்லித் தராமலே பிடிபட்டது.

அதையே நம் ஊருக்குக் கொண்டுவரலாம். மேசையில் நான்கு சேலைகள். ஒன்றில் சில்க் மார்க் தெரிகிறது, துணி என்னவென்று தெரியாது. ஒன்றில் சீட்டே இல்லை. மூன்றாவது தூய பட்டு என்று சோதனைச் சாலை சொல்லிவிட்டது, சீட்டு இருக்கிறதா என்று பார்க்கவில்லை. நான்காவது பாலியெஸ்டர் என்று தெரிந்துவிட்டது, சீட்டு மடிப்புக்குள் இருக்கலாம். சீட்டில் மோசடி நடக்கிறதா என்று பார்க்க வந்த அதிகாரி நீங்கள். முதல் சேலையிலிருந்து பாவில் ஓர் இழை, ஊடையில் ஓர் இழை உருவிச் சோதனைக்கு அனுப்பவும். நான்காவது சேலையின் மடிப்பைப் பிரித்துப் பார்க்கவும். இரண்டாவதையும் மூன்றாவதையும் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.